சிக்னலு எல்லாத்தையும் மாத்தணும்னா எங்கேருந்து தொடங்கணும்? (நாகர்கோவில் – களியக்காவிளை ரோட்டுல போறவங்க வாங்க)

வெட்டூர்ணிமடம்_வாசி:
மக்களே, ரொம்ப நாளா மனசுல கெடந்ததை இன்னைக்கு கொட்டிரலாம்னு வந்திருக்கேன். காலம்பற எட்டே முக்காலுக்கு ஸ்கூட்டர எடுத்தா ஆபீசு நாலே கிலோமீட்டர், அதுக்கு முப்பத்தஞ்சு நிமிசம் ஆவுது. வழியில மூணு சிக்னலு. ஒண்ணு வேல செய்யாது, மஞ்சள் மட்டும் கண்ணடிச்சிட்டு நிக்கும். அடுத்ததுல பச்சை விழும், ஆனா முன்னால போலீஸ்காரரு கைய காட்டி நிறுத்துவாரு, லைட்ட பாக்கவா கைய பாக்கவான்னு தெரியாது. மூணாவது தான் கொடுமை, நம்ம ரோட்டுல அம்பது வண்டி மூச்சு முட்டி நிக்கும், பக்கத்து சந்துலருந்து ஒரு ஆட்டோவும் ஒரு பால்காரரும் வருவாவ, அவிய ரெண்டு பேருக்கும் முழுசா ஒரு நிமிசம் பச்சை. பால்காரரு போன பொறவும் அம்பது செகண்டு அந்த ரோட்டுல காத்து தான் போவும்.

முனிசிபாலிட்டியா இருந்தது 2019ல மாநகராட்சி ஆயாச்சு, சிக்னலு மட்டும் அப்பிடியே கெடக்கு. பெங்களூருல ஏஐ சிக்னலு வச்சாச்சு, கேமரா பாத்து வண்டிய எண்ணி அதுவே நேரத்த மாத்துதாம். நம்மூரு முழுக்க அதைக் கொண்டுவந்தா தீந்துராதா? விவரம் தெரிஞ்சவிய சொல்லுங்கோ.

மொட்டமாடி_ஞானி:
நாலு கிலோமீட்டர நடந்தா நாப்பத்தஞ்சு நிமிசம். பத்து நிமிசம் மிச்சம் பிடிக்கத்தான் இந்தப் பெட்ரோலாக்கும்.

பாறசாலை_சீசன்டிக்கெட்:
நான் தெனமும் திருவனந்தபுரம் போயி வாறவன், வண்டி கேஎல் 19 தான், ஆனா வீட்டுப் பேச்சு தமிழு. களியக்காவிளை எல்லைய தாண்டினா எல்லாம் சொர்க்கம்னு உங்க ஆளுங்க ஒரு நெனப்புல இருக்காவ. கேசவதாசபுரம் ஜங்ஷன்ல சாயங்காலம் அஞ்சரைக்கு வந்து ஒரு தடவ நின்னு பாருங்கோ, பொறவு நாகர்கோவில கும்பிடுவிய. லைட்டு எல்லாம் பளபளன்னு எல்இடி தான், டைமரும் ஓடும், கியூவும் அதே மாதிரி ஓடும். கேரளாவுல 2023 ஜூன்லருந்து ஏஐ கேமரா அபராதம் வந்ததுல ஹெல்மெட்டு பெல்ட்டு விசயத்துல பயம் வந்தது உண்மை. ஆனா அது ஆள பிடிக்கிற கேமரா, பச்சைய நீட்டுற கேமரா இல்ல. ரெண்டையும் குழப்பிக்கிடாதீங்க, எல்லாரும் குழப்புறாவ.

கம்பிக்காரன்:
இந்த இழையில கொஞ்சம் நீட்டி எழுதுவேன், பொறுத்துக்கிடணும். சொந்த ஊரு குழித்துறை. பதினோரு வருசமா சிக்னல் கம்பம் நடுறது, பெட்டி மாத்துறது, மழையில ஏணி போட்டு ஏறுறது இதுதான் வேல, எல்லைக்கு ரெண்டு பக்கமும் பாத்திருக்கேன்.

சிக்னலு மாத்தணும்னு யாரு சொன்னாலும் முதல்ல கண்ணுக்கு தெரியிறது லைட்டு. லைட்ட மாத்துறது ஈசி, லாபமும் உண்டு. பழைய பல்பு ஒண்ணு 100 வாட்டு தின்னும், எல்இடி 10, 15 வாட்டுல முடிஞ்சிரும். நாலு ரோடு ஜங்ஷன்ல எந்த நேரமும் எட்டு லைட்டு எரியுதுன்னு வச்சுக்கிடுங்க, பழசுல ஒரு நாளைக்கு 19 யூனிட்டு, புதுசுல மூணு யூனிட்டு கூட வராது. கரண்டு போனாலும் பேட்டரில இழுக்கலாம். இன்னொரு நல்லது, காலம்பற மேற்கே பாத்து வரும்போ பழைய லைட்டுல வெயிலு உள்ள போயி கண்ணாடியில பட்டு திரும்பும், எரியாத பச்சையும் எரியிற மாதிரி தெரியும், எல்இடில அந்த வம்பு ரொம்ப கொறவு. கேப் ரோட்டுல காலம்பற வண்டி ஓட்டுறவியளுக்கு நான் சொல்லுகது புரியும்.

ஆனா வாசி அண்ணன் சொன்ன பால்காரரு கதைக்கும் லைட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. அது சிக்னல ஓட்டுற கன்ட்ரோலர் பெட்டிக்குள்ள இருக்கிற நேரம். நான் திறந்து பாத்த பெட்டிகள்ல பாதிக்கு மேல ஒரே ஒரு பிளான் தான் ஓடிட்டிருக்கும். பத்து பன்னெண்டு பிளான் போடலாம் அதுல, காலைக்கு ஒண்ணு, ஸ்கூல் விடுற நேரத்துக்கு ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு, ஞாயிறுக்கு ஒண்ணு. யாரும் போட மாட்டாவ. வச்ச அன்னைக்கு கம்பெனி ஆளு நாலு பக்கமும் ஒரே மாதிரி அழுத்திட்டு போயிருப்பான், அது அப்பிடியே பத்து வருசம் ஓடும். ரோட்டுக்கு கடை வந்திருக்கும், ஆஸ்பத்திரி வந்திருக்கும், பாலம் வந்திருக்கும், நேரம் மாறாது.

இன்னொண்ணு கேட்டா சிரிப்பிய. ஒரு ஜங்ஷன்ல நல்லா பிளான் போட்டு குடுத்தும் தெனமும் மத்தியானம் பன்னெண்டு மணிக்கு மெயின் ரோட்டுக்கு நீள பச்சை, காலம்பற கியூ. போயி பாத்தா பெட்டிக்குள்ள இருக்கிற கடிகாரம் நாலு மணிக்கூறு பிந்தி ஓடுது! கரண்டு போயி போயி வந்ததுல உள்ள இருந்த சின்ன பேட்டரி செத்துப்போச்சு. காலை எட்டு மணி பிளான அது நேர்மையா தன்னோட எட்டு மணிக்கு போடுது. பேட்டரி விலை ஒரு பிளேட்டு பரோட்டா பீஃப் கூட வராது.

வெட்டூர்ணிமடம்_வாசி:
அண்ணே, அப்ப நான் ஒரு வருசமா திட்டினது அந்தப் பால்காரர இல்ல பேட்டரியவா!

கணக்கு_மக்கா:
நான் சிவில் கடைசி வருசம், புராஜெக்ட்டே சிக்னல் டிசைன் தான், அதனால உள்ள வாறேன். நேரம் எப்பிடி போடணும்னு ஒரு கணக்கு இருக்கு, 1958ல வெப்ஸ்டர்னு இங்கிலாந்து ஆராய்ச்சியாளர் குடுத்தது, இன்னைக்கும் நம்ம சிலபஸ்ல அதுதான். ஒரு சுத்துல (எல்லா பக்கமும் ஒரு தடவ பச்சை விழுந்து முடியிறது) வீணாப் போற நேரத்த ஒன்றரையால பெருக்கி, 5 கூட்டணும். பொறவு ஒவ்வொரு பச்சையிலயும் ரொம்ப நெரிசலான ரோட்ட எடுத்து, வாற வண்டிய அந்த ரோட்டால தள்ள முடிஞ்ச வண்டியால வகுத்து, எல்லாத்தையும் கூட்டி, அதை 1லருந்து கழிச்சு, வந்ததால முதல்ல வந்த தொகைய வகுக்கணும்.

உதாரணம் சொன்னா தான் புரியும். நாலு பக்கமும் தனித்தனியா பச்சை குடுத்தா, ஒவ்வொரு தடவையும் கிளம்புறதுலயும் நிக்குறதுலயும் 4 செகண்டு வீண், மொத்தம் 16. அந்தக் கூட்டின நெரிசல் 0.7 இருந்தா ஒரு சுத்து 97 செகண்டு. 0.8 ஆனா 145. 0.9 ஆனா 290 செகண்டு, கிட்டத்தட்ட அஞ்சு நிமிசம்! கொஞ்சோல வண்டி கூடினா காத்திருப்பு எப்பிடி எகிறுது பாத்தியளா. அதனாலத்தான் ஸ்கூல் லீவுல ரோடு காலியா தெரியும். வண்டி பாதியாவெல்லாம் ஆகியிருக்காது, கொஞ்சம் தான் கொறஞ்சிருக்கும்.

ரோட்டோட தள்ளு சக்திக்கும் ஐஆர்சி (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) கணக்கு உண்டு, ஒரு மீட்டர் அகலத்துக்கு மணிக்கு 525 கார், ஏழு மீட்டர் ரோடுன்னா 3675. முழு நேரமும் பச்சையா இருந்தா தான் அது.

மொட்டமாடி_ஞானி:
ஏழு மீட்டர்ல ரெண்டு மீட்டர் பழக்கடை, ஒண்ணரை மீட்டர் நிறுத்தி வச்ச பைக்கு. வெப்ஸ்டருக்கு சாயா வாங்கிக் குடுத்து உக்கார வைடே.

கணக்கு_மக்கா:
ஞானி அண்ணே நக்கலடிச்சாலும் அதுதான் பாயிண்டு. எங்க சாரும் அதையே சொன்னாரு, அளக்கும்போ ரோட்டோட அகலத்த அளக்காத, வண்டி ஓடுற அகலத்த அளன்னு.

டாரஸ்_12வீல்:
எல்லாரும் லாரிக்காரன திட்டுறதுக்கு முன்னாலயே நானே வந்துட்டேன். கல்லு லோடு, நம்ம பக்கத்துலருந்து கேரளாவுக்கு. நீங்க பச்சை எத்தன செகண்டுன்னு பேசுறிய, நான் மஞ்சள பத்தி பேசணும். முப்பது டன்னுக்கு மேல வச்சிட்டு நாப்பதுல வாறேன், முப்பத்தஞ்சு மீட்டர் இருக்கும்போ மஞ்சள் விழுது. பிரேக்க மிதிச்சா கோட்டுக்கு முன்னால நிக்காது, நடுவுல போயி தான் நிக்கும், பின்னால வாற பைக்குக்காரன் அடியில பூந்துருவான். மிதிக்காம போனா செவப்புல தாண்டினேன்னு கேசு. ரெண்டுல எதச் செய்யச் சொல்லுகிய? இந்த டைமர் நம்பர் இருக்குற சிக்னல்ல எனக்கு நிம்மதி, தூரத்துலயே தெரிஞ்சிரும், பைய கால எடுத்துருவேன்.

கணக்கு_மக்கா:
லாரி அண்ணே சொல்லுகது கணக்குல அப்பிடியே வருது. 40ல வந்தா செகண்டுக்கு 11 மீட்டர். கண்ணுல பட்டு கால் பிரேக்குக்கு போக ஒரு செகண்டு, லோடு வண்டிக்கு மெதுவா பிடிக்கிற பிரேக்கு, மொத்தம் 40 மீட்டர் சொச்சம் வேணும் நிக்க. முப்பத்தஞ்சுல மஞ்சள் விழுந்தா அவரு மேல தப்பே இல்ல. மஞ்சள் கிட்டத்தட்ட 4 செகண்டு வேணும் அவருக்கு. எல்லா ஜங்ஷன்லயும் 3 செகண்டுன்னு குருட்டாம்போக்குல போட்டிருந்தா கார் தப்பிச்சிரும், டாரஸ் மாட்டிக்கிடும்.

பாறசாலை_சீசன்டிக்கெட்:
நியாயம் தான், ஆனா நாப்பதுல வாறேன்னு சொல்லுகதை மட்டும் நம்ப முடியல அண்ணாச்சி.

டாரஸ்_12வீல்:
ஜங்ஷன்ல நாப்பது தான் சாரே. மத்த எடத்துல கேக்காதீங்க.

கம்பிக்காரன்:
டாரஸ் அண்ணன் டைமர பத்தி சொன்னதுல ஒரு முடிச்சு இருக்கு. வாசி அண்ணன் கேக்குற ஏஐ சிக்னல்ல டைமர் நம்பர் ஒழுங்கா காட்ட முடியாது. ஏன்னா அது வண்டிய பாத்து அந்தந்த நேரத்துல முடிவு பண்ணும், இன்னும் 40 செகண்டு பச்சைன்னு காட்டிட்டு ரோடு காலின்னு இருபதுல வெட்டினா ஜனம் கல்லெடுத்து எறியும். அதனால தானா மாறுற முறையில ஓடுற ஜங்ஷன்ல டைமர அணைச்சு வைப்பாவ, இல்லேன்னா கடைசி சில செகண்டு மட்டும் காட்டுவாவ. நம்மூரு ஆளுக்கு ரெண்டும் வேணும், நம்பரும் வேணும் அறிவும் வேணும். அந்த நம்பர வச்சு தான் இஞ்சின அணைக்கிறோம், போன எடுக்கிறோம், பிள்ளைக்கு மூக்கு சிந்தி விடுறோம்.

பெங்களூரு கதையையும் சொல்லிருகேன். அங்க 165 ஜங்ஷனுக்கு போட்டது கோசிகாஸ்ட்னு ஒரு முறை. அதைச் செஞ்சது எங்கேன்னு நெனைக்கிய? நம்ம பக்கத்து வீடு தான், திருவனந்தபுரம் சி-டாக், மத்திய அரசோட கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிலையம். வெளிநாட்டுல ஸ்காட்ஸ், ஸ்கூட்னு ரெண்டு முறை ரொம்ப பழசு, 1970கள்லயே சிட்னிலயும் இங்கிலாந்துலயும் தொடங்கினது. அதெல்லாம் வண்டி கோட்டுக்குள்ள வரிசையா வரும்னு நம்பி செஞ்சது. நம்ம ஊருல ஒரு காருக்கு எடத்துல நாலு பைக்கு, நடுவுல ஒரு ஆட்டோ, ஓரத்துல ஒரு மாடு. அந்தக் கலப்பட போக்குவரத்த மனசுல வச்சு செஞ்சது தான் இந்த கோசிகாஸ்ட். மூளை நல்ல மூளை, நான் கொற சொல்ல மாட்டேன்.

மூளைக்கு கண்ணு வேணும்லா. ரோட்டுக்கு அடியில ஒயர் சுத்தி புதைப்பாவ, மேல வண்டி வந்தா தெரியும், அதுக்கு லூப்னு பேரு. நான் புதைச்ச லூப் ஒண்ணு, தார் காயிறதுக்கு முன்னாலன்னே வையுங்க, குழாய் போட வந்தவங்க நடுவுல வெட்டிட்டு போனாவ. கண்ணு போன பெட்டி என்ன செய்யும், எப்பளும் வண்டி நிக்குதுன்னு நெனச்சுக்கிட்டு முழு நேரத்தையும் குடுக்கும். அதாவது கூடுதல் விலை குடுத்து வாங்கின பெட்டி பழைய பெட்டி மாதிரியே ஓடும், வெளிய இருந்து பாக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. கேமரா வச்சா தோண்டுற பயம் இல்ல, ஆனா நமக்கு ரெண்டு மழைக்காலம், எடவப்பாதியும் (ஜூன் மழ) துலாவர்ஷமும் (ஐப்பசி மழ), கண்ணாடியில வெள்ளமும் எட்டுக்காலி (சிலந்தி) வலையும். மாசத்துக்கு ஒரு தடவ ஏறித் தொடைக்கணும். தொடைக்கிறதுக்கு காசு டெண்டர்ல இருக்காது.

மொட்டமாடி_ஞானி:
எட்டுக்காலி உள்ள கூடு கட்டினா அது நிரந்தர கியூன்னு நெனச்சு பச்சை குடுத்துட்டே இருக்குமோ. வீட்டு வாசல்ல ஒரு கேமரா வச்சு ஒரு எட்டுக்காலி வளத்தலாம்னு பாக்கேன்.

கோயமுத்தூர்ல_கொட்டாரத்தான்:
நான் கொட்டாரத்துக்காரன், பொழைக்க கோயமுத்தூர்ல இருக்கேன். இங்க என்ன செஞ்சாங்கன்னா சிக்னல மாத்தல, நெறய எடத்துல சிக்னலையே எடுத்துட்டாங்க! நடுவுல தடுப்பு வச்சு நேரா போக விடாம, கொஞ்ச தூரம் போய் யூ-டர்ன் அடிச்சு வான்னு விட்டாங்க. லாலி ரோடு பக்கம் ரவுண்டானா மாதிரி போட்டாங்க. வண்டி ஓட்டுறவன் கேட்டா நல்லாத்தான் இருக்கும்பான், நிக்காம போறோம்ல. நானும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன். போன மாசம் அம்மா ஊருலருந்து வந்தா. ரோட்டுக்கு எதுத்தாப்புல இருக்கிற மெடிக்கலுக்கு போகணும், கண்ணு முன்னால தெரியுது கடை. செவப்பே விழாத ரோட்ட அவ எப்பிடி கடப்பா? ஆட்டோ பிடிச்சு யூ-டர்ன் அடிச்சு எதுத்த கடைக்கு போனோம், அம்பது ரூவா.

தக்கலை_டீச்சர்:
கொட்டாரத்துத் தம்பி சொன்னதுக்குத்தான் காத்திருந்தேன். இவ்வளவு நேரமா வண்டி, வண்டி, வண்டி. நடக்கிற ஆளைப் பத்தி முதல் தடவையா இப்பத்தான் ஒருத்தர் வாயைத் திறந்திருக்கீங்க.

எங்க ஸ்கூல் வாசல்ல தினமும் சாயங்காலம் நான் கையைக் கோத்து பிள்ளைங்களைக் கடத்தி விடுறேன். நடக்கிறவங்களுக்கான பச்சை ஆள் படம் அந்தக் கம்பத்தில் இருக்கு, வச்ச நாளிலிருந்து எரிஞ்சு நான் பார்த்ததில்லை. கணக்கு தம்பி, நீங்க நடக்கிறவங்களுக்கு எத்தனை வேகம்னு எடுப்பீங்க? 1.2 மீட்டர்னு புத்தகத்தில் இருக்கும். 14 மீட்டர் ரோட்டுக்கு 12 செகண்டு. எங்க அத்தைக்கு முட்டுவலி, செகண்டுக்கு 0.8 வந்தாலே பெரிய விஷயம், அவங்களுக்கு 17, 18 வேணும். பன்னிரண்டாவது செகண்டில் அத்தை நடு ரோட்டில் நிப்பாங்க, நீங்க எல்லாரும் ஹாரன் அடிப்பீங்க.

ஃப்ரீ லெஃப்ட்டுன்னு ஒண்ணு வச்சிருக்கீங்களே, அது யாருக்கு ஃப்ரீ? நாங்க கடக்கிற நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து தானே வண்டி வந்து விழுது. மெயின் ரோட்டுக்கு செவப்பு விழுந்துச்சேன்னு கால் வச்சா லெஃப்ட்டில் திரும்புற பைக் இடுப்பில் இடிக்கும். புது சிக்னல் போடுறப்போ முதல்ல இதைக் கவனிச்சுட்டு அப்புறம் ஏஐ போடுங்க. கண்ணு தெரியாதவங்களுக்கு சத்தம் கேக்கிற சிக்னல் வெளிநாட்டில் சாதாரணம், இங்க அதை யாராவது கேட்டா நம்மை ஏற இறங்கப் பார்க்கிறாங்க.

வெட்டூர்ணிமடம்_வாசி:
டீச்சர், உண்மையிலேயே வெக்கமா இருக்கு. பால்காரருக்கு ஒரு நிமிசம் பச்சைன்னு ஆத்திரப்பட்டேன்லா, அந்த ஒரு நிமிசத்துல தான் நம்ம ரோட்ட நடந்து கடக்கிறவிய கடக்காவ. இன்னைக்கு காலம்பற நின்னு கவனிச்சேன், ஏழெட்டு பேரு கடந்தாவ, ரெண்டு பேரு கையில பிள்ள.

கணக்கு_மக்கா:
அப்ப அந்த சந்துக்கு பச்சைய ரொம்ப வெட்ட முடியாது. வண்டி இல்லாட்டியும் கடக்கிற நேரமாவது குடுக்கணும். இத நான் புராஜெக்ட்டுல விட்டுட்டேன், வைவாவுல கேட்டா மாட்டியிருப்பேன், டீச்சருக்கு நன்றி.

பாறசாலை_சீசன்டிக்கெட்:
சுத்து நேரத்தையே கொறச்சா என்ன? ரெண்டு நிமிசம் நிக்குறதுக்கு ஒரு நிமிசம் நின்னா நடக்கிறவனும் பொறுப்பான், நானும் பொறுப்பேன்.

கணக்கு_மக்கா:
கொறைக்கலாம், ஆனா விலை இருக்கு. ஒரு சுத்துக்கு 16 செகண்டு வீண்னு சொன்னேன்லா. ரெண்டு நிமிச சுத்துன்னா ஒரு மணிக்கூறுல 30 சுத்து, 8 நிமிசம் வீண். ஒரு நிமிச சுத்துன்னா 60 சுத்து, 16 நிமிசம் வீண். பீக் நேரத்துல நீள சுத்து ஓடுறது சும்மா இல்ல. ராத்திரி பத்து மணிக்கும் அதே நீளம் ஓடுறது தான் தப்பு. ஆளில்லாத ரோட்டுல ரெண்டு நிமிசம் நிக்கச் சொன்னா யாரு நிப்பா, அப்ப ஒரு தடவ செவப்ப தாண்டி பழகினவன் பகல்லயும் தாண்டுவான். இல்லேன்னா நாலு பக்கத்த மூணா ரெண்டா சேக்கணும், எதிரெதிர் ரோட்டுக்கு ஒண்ணா பச்சை. அதுக்கு வலது பக்கம் திரும்புறவனுக்கு தனி எடம் வேணும். நம்ம ரோட்டுல எங்க இருக்கு எடம்.

டாரஸ்_12வீல்:
ஒரு சிக்னல்ல பச்சை பிடிச்சா அடுத்ததுலயும் பச்சை கெடைக்கிற மாதிரி செய்ய முடியாதா? பாலத்துல ஏறி எறங்கி வந்த வேகத்துல போனா டீசல் மிச்சம். நின்னு நின்னு முதல் கியர்ல இழுக்கும்போ தான் வண்டி குடிக்கிறது, அந்தப் புகையும் உங்க மேல தான்.

கம்பிக்காரன்:
முடியும் அண்ணே. ரெண்டு ஜங்ஷனுக்கு நடுவுல 600 மீட்டர், எல்லாரும் 36 கிலோமீட்டர்ல போறாவன்னு வையுங்க, செகண்டுக்கு 10 மீட்டர், அப்ப ரெண்டாவது பச்சை 60 செகண்டு தள்ளி விழணும். அவ்வளவு தான் சூத்திரம். ரெண்டு பெட்டிக்கும் கடிகாரம் ஒண்ணா ஓடணும் (பரோட்டா விலை பேட்டரிய ஞாபகம் வச்சிருக்கியளா), ரெண்டுக்கும் சுத்து நேரம் ஒண்ணா இருக்கணும். இப்ப வாற பெட்டியில ஜிபிஎஸ் கடிகாரம் உண்டு, பிந்தாது. லாஸ் ஏஞ்சலஸ்ல 1984 ஒலிம்பிக்ஸுக்கு தொடங்கி 2013ல தான் ஊரு முழுக்க, நாலாயிரத்து சொச்சம் சிக்னல ஒண்ணா கோத்து முடிச்சாவ. முப்பது வருசம். முடிச்ச பொறவும் அந்த ஊரு நெரிசல் உலகப் பிரசித்தம் தான். ரோடு சுகமா ஆனா வீட்டுல கெடந்த காரும் வெளிய வரும்லா.

நம்ம ரோட்டுல சங்கடம் உங்க வண்டி தான் அண்ணே, கோவப்படாதீங்க. பைக்கு 40ல போவும், லோடு டாரஸ் 20ல எடுக்கும், பைக்குக்கு பொருந்துற அலையில டாரஸ் மாட்டும், டாரஸ் பின்னால இருக்கிற எல்லாரும் மாட்டுவாவ. கணக்குலயும் ஒரு லாரிக்கு மூணு காரு எடம்.

வெட்டூர்ணிமடம்_வாசி:
ஆம்புலன்ஸுக்கு வழி விடுற சிக்னல் ஒண்ணு உண்டுன்னாவளே? இங்கேருந்து ஆபத்துன்னா ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ், அதுக்கு மேலன்னா திருவனந்தபுரம் தான, ஸ்ரீ சித்ரா ஆஸ்பத்திரிக்கோ ஆர்சிசி கேன்சர் ஆஸ்பத்திரிக்கோ. அப்பாவ கூட்டிட்டு போன ராத்திரி ஒவ்வொரு செவப்பும் எனக்கு எண்ணிக்கையோட ஞாபகம் இருக்கு.

கம்பிக்காரன்:
உண்டு அண்ணே. ஆம்புலன்ஸ்ல ஒரு கருவி, அது வாறது தெரிஞ்சா பெட்டி மத்த பக்கத்த மஞ்சள் காட்டி ஒழுங்கா மூடிட்டு அந்தப் பக்கத்துக்கு பச்சை குடுக்கும். ஆனா முன்னால கியூ அம்பது வண்டி நின்னா பச்சை விழுந்தும் ஒதுங்க எடம் இருக்காது, அதனால ஆம்புலன்ஸு வாறதுக்கு நல்ல முன்னாலயே சொல்லணும். எல்லை தாண்டினா சிக்னலு வேற அரசாங்கத்தோடது. இந்தப் பக்கத்து கருவிய அந்தப் பக்கத்து பெட்டிக்கு புரியணும்னா ரெண்டு பேரும் முதல்லயே பேசி ஒரே மாதிரி வாங்கணும்.

மொட்டமாடி_ஞானி:
ரெண்டு அரசாங்கம் பேசி முடிவு பண்ணுறதுக்குள்ள நோயாளி தானா சொஸ்தமாயிருவான். தெரியுமா, உலகத்துலயே முதல் சிக்னலு 1868 டிசம்பர்ல லண்டன்ல பாராளுமன்றம் பக்கத்துல வச்சது, கேஸ் விளக்கு. அடுத்த மாசமே வெடிச்சு, நின்ன போலீஸ்காரருக்கு அடி. அந்த சிக்னலுக்கும் ஏஎம்சி (வருசப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டிருக்க மாட்டாவ.

கம்பிக்காரன்:
ஞானி கடைசியில சரியான எடத்துக்கு வந்துட்டாரு. துலாமாசத்து இடிய பத்தி நான் ஒரு கத சொல்லுகேன். ஒரு ஊருல, பேரு வேண்டாம், புது சிக்னலு வச்சு மூணே மாசம், ஒரு சாயங்காலம் இடி எறங்கி கன்ட்ரோலர் கார்டு கரிக்கட்டை. எர்த் குழிய ஆழமா எடுக்காம பேருக்கு ஒரு கம்பிய குத்தி விட்டிருந்தாவ, அது நான் வேலைக்கு சேருறதுக்கு முன்னால. கார்டு வேணும்னு எழுதிப் போட்டோம். அதுக்கு ஒரு கடுதாசி, அதுக்கு ஒரு பதிலு, பராமரிப்பு ஒப்பந்தம் யாரு பேருல இருக்குன்னு தேட ஒரு மாசம். நாலு மாசம் அந்த ஜங்ஷன் மஞ்சள்ல கண்ணடிச்சிட்டு நின்னுது. அந்த நாலு மாசமும் தெனமும் ஒரு போலீஸ்காரரு வெயில்ல நின்னு கைய காட்டினாரு. எனக்கும் அவருக்கும் நல்ல கூட்டாயிப்போச்சு, போற வாற நேரம் சாயா வாங்கித் தருவாரு. என்னைய விட கோவப்பட வேண்டியது அவரு தான், ஒரு நாளும் கோவப்படல.

இதனால என் கிட்ட யாராவது கேட்டா, ஊரு முழுக்க மாத்துறதுக்கு முன்னால இருக்கிறதுல கடிகாரம் சரியா, எர்த் சரியா, எல்லா லைட்டும் எரியுதா, குறைஞ்சது நாலு பிளானாவது உண்டான்னு பாருங்கன்னு சொல்லுவேன். பொறவு வண்டிய எண்ணுங்க. எண்ணாம யாரும் நேரம் போட முடியாது, மனுசனாலயும் முடியாது ஏஐயாலயும் முடியாது. ஏஐயும் எண்ணத்தானே செய்யுது. புதுசு வாங்கினா வாங்குற காசுல ஒரு பங்க அஞ்சு வருசத்துக்கு ஆளுக்கும் கார்டுக்கும் ஒதுக்கி வையுங்க. அதுக்கு காசில்லேன்னா பத்து ஜங்ஷனுக்கு எடத்துல ஆறு ஜங்ஷன் வாங்குங்க.

கணக்கு_மக்கா:
அண்ணே, எண்ணுறதுன்னு சொன்னியல்லா, நாமளே எண்ணினா என்ன? வாசி அண்ணனோட ஜங்ஷன். ஒரு பக்கத்துக்கு ரெண்டு பேரு, பதினஞ்சு நிமிசத்துக்கு ஒரு வரி, பைக்குக்கு அரை, காருக்கு ஒண்ணு, பஸ் லாரிக்கு மூணுன்னு போடலாம். திங்களும் வெள்ளியும் வேண்டாம், அன்னைக்கு ஊரு வேற மாதிரி ஓடும். செவ்வாயோ புதனோ, காலம்பற எட்டுலருந்து பத்து. எங்க கிளாசுல ஆறு பேரு வருவாவ, சாப்பாடு யாராவது வாங்கித் தரணும்.

தக்கலை_டீச்சர்:
நடக்கிறவங்களுக்கு ஒரு வரி தனியா போட்டா நான் லீவு போட்டுட்டு வர்றேன்.

மொட்டமாடி_ஞானி:
நான் மொட்டமாடிலருந்தே எண்ணி அனுப்புகேன். மழ வந்தா கணக்குல வராது.

வெட்டூர்ணிமடம்_வாசி:
ரெண்டு வாரம் கழிச்சு வந்திருக்கேன். புதன்கிழம எண்ணினோம் மக்களே. ஒம்பதே காலுக்கு மழ வந்து பேப்பர் நனைஞ்சு ஒரு பக்கத்து கணக்கு போச்சு, வியாழக்கிழம அத மட்டும் மறுபடி எண்ணினோம். பால்காரர் சந்துலருந்து ஒரு பச்சைக்கு ரெண்டு மூணு வண்டி தான் வருது, ஆனா நடந்து கடக்கிறவிய நாங்க நெனச்சத விட ரொம்ப கூட, டீச்சர் சொன்னது அப்பிடியே. வண்டி நேரத்த கொறச்சு நடக்கிற நேரத்த விட்டு வச்சாலும் மெயின் ரோட்டுக்கு ஒரு சுத்துக்கு இருபது செகண்டுக்கு மேல கெடைக்குதுன்னு தம்பி கணக்கு போட்டு ரெண்டு பக்கத்துல எழுதினான். மனுவோட சேத்து குடுத்தாச்சு. வாங்கினவரு பாத்துட்டு, இதெல்லாம் நீங்களா எண்ணினீங்களான்னு கேட்டாரு. ஆமான்னோம். வையுங்கன்னாரு. அவ்வளவு தான் இதுவரைக்கும்.

பாறசாலை_சீசன்டிக்கெட்:
வையுங்கன்னு சொன்னாருல்ல, எங்க பக்கம் அதுக்கும் ஒரு டோக்கன் தருவாவ.

கம்பிக்காரன்:
நல்ல காரியம். ஒண்ணு மட்டும், நீங்க எண்ணினது பரீட்சை முடிஞ்சு ஸ்கூல் லீவு விட்ட பொறவு. ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்தா ஸ்கூல் வேனும் ஆட்டோவும் எறங்கும், நடக்கிற பிள்ளைகளும் கூடும், இந்தக் கணக்கு நிக்காது. மனு பெட்டிக்குள்ள ஏறுற நேரத்துல ஜூன் வந்துரும், அதனால திறந்த ரெண்டாவது வாரம் மறுபடி எண்ணிருங்க. இந்தத் தடவ நானும் வாறேன், செவ்வாய்கிழமன்னா எனக்கு தோது. பேப்பருக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் கொண்டாங்க.

கணக்கு_மக்கா:
ஜூன்ல எனக்கு வைவா இருக்கு அண்ணே, ஆனா ஜூனியர் பயலுவள அனுப்புகேன். சாப்பாடு போன தடவ மாதிரி இட்லின்னா வர மாட்டாவளாம், பரோட்டா கேக்கானுவ.